ஏர் எங்கே இழுக்கிறது?

முழு வேகத்தில் ஓடிவந்த டிரக்கின் த்ராட்டிலை விட்டாயிற்று. சத்தம் இறங்க வேண்டும், இறங்கவில்லை. ரிமோட்டில் விரல்கூட இல்லை, எஞ்சின் மட்டும் நான்கைந்து நொடி வீறிட்டுவிட்டு மனமில்லாமல் ஐடிலுக்கு வருகிறது. நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் டிரக் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டதும் செய்வது ஒன்றுதான். சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டரின் நீடிலைக் கொஞ்சம் திறப்பார்கள். எரிபொருள் கூடினால் சூடு தணியும், சத்தம் அடங்கும் என்ற கணக்கு. சில நேரம் அன்றைக்குப் பலிக்கும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

என்னுடைய பழைய டிரக்கில் இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றே கால் சுற்று திறந்திருக்கிறேன். கோளாறு நீடிலில் இல்லவே இல்லை. வேறெங்கோ ஓர் ஓட்டை வழியாக எஞ்சின் ஏர் இழுத்துக்கொண்டிருந்தது. லீன் என்ற ஒரே புகாரைத்தான் எஞ்சினுக்குச் சொல்லத் தெரியும். எரிபொருள் குறைந்ததாலா, காற்று கூடியதாலா என்று பிரித்துச் சொல்ல அதற்கு வாய் இல்லை. பிரித்துப் பார்ப்பது நம் வேலை. அதை எப்படிச் செய்வது என்பதில் இந்த ஆட்டக்காரர்களிடையே பல கட்சிகள் உண்டு.

முதலில் எஞ்சினைப் பார்த்துவிடலாம். 12, 15, 21, 28 என்று இவற்றுக்குச் சொல்லும் எண்கள் கன அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 21 என்றால் 0.21 கன அங்குலம், ஏறக்குறைய 3.5 சிசி. ஒரு 50 சிசி மொபெட் எஞ்சினைப் பதினான்காக நறுக்கினால் ஒரு துண்டு. ஆனால் மொபெட் கனவிலும் காணாத வேகம் இதற்கு உண்டு. நிமிடத்துக்கு 30,000 சுற்று சர்வ சாதாரணம். அதாவது நொடிக்கு 500 முறை பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிறது. ஸ்பார்க் பிளக் கிடையாது. 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் மாடல் விமான எஞ்சின்களுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கின் வாரிசுதான் இன்றும் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பிளாட்டினக் கம்பிச் சுருளைத் தொடக்கத்தில் மட்டும் பேட்டரியால் சிவக்க வைத்தால் போதும். பிறகு மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் வினைபுரியும் சூட்டிலும், எரியும் சூட்டிலும் அது தானாகக் கனன்றுகொண்டிருக்கும். எப்போது தீப்பிடிக்க வேண்டும் என்று முடிவுசெய்யத் தனியாக ஒரு மின்சுற்று இல்லை. கலவை மாறினால் தீப்பிடிக்கும் நேரமும் மாறும். கார் எஞ்சினில் சின்ன ஏர் லீக் ஒரு தொந்தரவு. இதில் அது எஞ்சினின் கடிகாரத்தையே திருப்பி வைக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து எண்ணெயில் இருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி டூ-ஸ்ட்ரோக் வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. டிரக்குகளுக்கு வாங்கும் டப்பாக்களில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம். ஒரு கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஏறக்குறைய 6.4 போதும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7. அதனால் இந்த எஞ்சின் தன் அளவுக்குப் பொருந்தாத அளவு எரிபொருளை விழுங்குகிறது. அந்தத் திரவமே ஆவியாகி உள்ளே குளிர வைக்கிறது, அதில் கலந்த எண்ணெயே கனெக்டிங் ராடின் புஷ்ஷுக்கும் ஸ்லீவுக்கும் பசை. வேறு ஆயில் டேங்க் கிடையாது. கலவை லீன் ஆனால் சூடு கூடுவதும் எண்ணெய் குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு முழு டேங்க் லீனாக ஓடிய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்கள், ஸ்லீவில் நெடுக்காக விழுந்த கீறல்களை மறக்க மாட்டார்கள்.

எரிபொருள் போகும் பாதையைக் கார்புரேட்டரில் வைத்து இரண்டாக வெட்டிக்கொள்வது நல்லது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு பக்கம். கார்புரேட்டரின் கழுத்திலிருந்து கிராங்க் கேஸ் முழுவதும் இன்னொரு பக்கம். இரண்டிலும் ஓட்டை விழுந்தால் வரும் நோய் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நோய் தலைகாட்டும் நேரம் வேறு, இடம் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பக்கம் எளிது. இந்த டிரக்குகளில் எரிபொருள் பம்ப் இல்லை. சைலன்சர் பைப்பில் ஒரு சின்ன நிப்பிள். அதிலிருந்து ஒரு சிலிகான் டியூப் டேங்கின் மேல்பக்கத்துக்குப் போகும். புகையின் அழுத்தம் டேங்குக்குள் ஏறி எரிபொருளைக் கார்புரேட்டரை நோக்கித் தள்ளும். வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும். எனவே டேங்க் மூடியின் ஓ-ரிங் காய்ந்துபோனாலோ, மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிய டேங்கின் தையலில் மயிரிழை விரிசல் விட்டாலோ, ஐடிலில் எதுவும் தெரியாது. முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போதுதான் மூச்சுத் திணறும். நிறைந்த டேங்கில் நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே வந்ததும் லீன் ஆகும் டிரக் என்றால் முதலில் மூடியைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் மூடியைச் சுற்றித் தூசி ஈரமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். நல்ல மூடியைச் சுற்றித் தூசி உலர்ந்தே இருக்கும்.

அழுத்தம் டேங்கிலேயே குறைய வேண்டும் என்பதில்லை. எஞ்சினிலிருந்து வெளிவரும் ஹெட்டர் குழாயையும் சைலன்சரையும் இணைக்கும் சிலிகான் கப்ளர் கிழிந்திருந்தாலும் பைப்பிலேயே அழுத்தம் குறைந்துவிடும். கப்ளர் கிழிந்தால் சேஸிஸின் பாதி கருப்பு எண்ணெயில் குளித்திருக்கும், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நிப்பிளே கரியால் அடைத்துப்போவது இதற்கு நேர் எதிர்: ஓட்டை எதுவும் இல்லை, ஆனால் அறிகுறி மட்டும் அச்சு அசலாக ஓட்டையின் அறிகுறி. டியூபைக் கழற்றி ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் புது டேங்க் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

டேங்குக்குள் தொங்கும் பிக்கப் டியூபை யாரும் நினைப்பதில்லை. அதன் முனையில் சிறு கல் போன்ற ஃபில்டர் இருக்கும். டியூப் அதன் நிப்பிளிலிருந்து நழுவியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, எரிபொருள் மட்டம் அந்த இடத்துக்குக் கீழே இறங்கியதும் எரிபொருளோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கும். இடது வளைவில் மட்டும் இருமும், வலது வளைவில் இருமாது என்ற வினோதமான புகார் வந்தால் இதைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் டியூப். மெத்தனாலுக்குச் சிலிகான் டியூப் சரியானது. பெட்ரோல் பட்டால் அதே டியூப் உப்பிப் போகும். எனவே பெட்ரோல் எஞ்சின் வைத்திருக்கும் நண்பரிடம் டியூப் கடன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. டியூப் பெரும்பாலும் நிப்பிளின் ஓரத்தில்தான் வெட்டுப்படும். மாட்டி மாட்டிக் கழற்றியதில் வாய் அகன்றுவிடும். அல்லது ஹெட்டர் குழாயில் உரசி ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை. ஓட்டை விழுந்த இடத்தில் டேங்க் அழுத்தம் மிகுந்தால் எரிபொருள் கசியும், கார்புரேட்டரின் உறிஞ்சல் மிகுந்தால் காற்று உள்ளே போகும். கசிவு இல்லை என்பதால் ஓட்டை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நடுவில் மாட்டும் ஃபில்டரும் அப்படித்தான். இரண்டு பாதியாகத் திருகி மூடும் ஃபில்டருக்குள் மெல்லிய ஓ-ரிங் ஒன்று உண்டு. சுத்தம் செய்யும்போது அது எங்கோ உருண்டு போகும், மேசையில் மிஞ்சியிருப்பதை மறுநாள்தான் பார்ப்போம்.

கார்புரேட்டருக்கு எரிபொருள் நுழையும் நிப்பிளின் அடியில் உள்ள வாஷர்களும், நீடில்களின் கழுத்தில் உள்ள ஓ-ரிங்குகளும் எல்லைக்கோட்டில் நிற்பவை. நீடிலின் ஓ-ரிங் தேய்ந்தால் நீடில் கைக்கு லேசாகச் சுழலும். நீடிலின் தலையைச் சுற்றி ஈரம் தெரியும். எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின் பதில் சொல்லாது, அல்லது நேற்றைய இடத்தில் வைத்தும் இன்று வேறு மாதிரி ஓடும். மரை வழியாகவே காற்றும் போனால் நீடில் அளந்து கொடுப்பதற்கு என்ன மதிப்பு?

இரண்டாவது பக்கம்தான் விஷயமே. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க் கேஸ் வெறும் பெட்டி அல்ல, அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அடியில் வெற்றிடம் உண்டாகிக் கலவையை உள்ளே இழுக்கும். கீழே வரும்போது அதே கலவையை அமுக்கிப் பக்கவாட்டுக் கால்வாய்கள் வழியாகச் சிலிண்டருக்குள் தள்ளும். கிராங்க் கேஸில் ஓட்டை இருந்தால் அது உள்ளேயும் மூச்சு விடும், வெளியேயும் மூச்சு விடும். உள்ளிழுக்கும்போது கார்புரேட்டர் அளக்காத காற்று வந்து சேர்கிறது. வெளிவிடும்போது எண்ணெய் கலந்த கலவை துப்பப்படுகிறது. உள்ளே காய்ச்சல், வெளியே பிசுக்கு. பேக்பிளேட்டின் ஓரத்தில் மட்டும் மண் கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தால் அங்கே எஞ்சின் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எச்சில் துப்புகிறது என்று பொருள். ஓட்டி முடித்ததும் எஞ்சினைத் துடைத்துவிடுகிறவர்கள் இந்தச் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள். துடைப்பதற்கு முன் பாருங்கள்.

கார்புரேட்டரின் கழுத்து கிராங்க் கேஸில் உட்காரும் இடம் இதற்கு விலக்கு. அங்கே பெரும்பாலும் உறிஞ்சல்தான், துப்பல் குறைவு. ஆகவே கறையும் குறைவு. மிகச் சுத்தமாகத் தெரியும் இடமே குற்றவாளியாக இருப்பது இங்கே அடிக்கடி நடப்பது. கழுத்தின் அடியில் ஒரு ஓ-ரிங் இருக்கும். கார்புரேட்டரைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே போல்ட்டை முறுக்க வேண்டும். அழுத்தாமல் முறுக்கினால் கார்புரேட்டர் ஆடாமல் நிற்கும், ஆனால் ஓ-ரிங் நசுங்கியிருக்காது. பார்வைக்குச் சரி. வேலைக்குச் சரியில்லை.

இந்தப் பக்கத்து லீக் ஐடிலில் தலைகாட்டுவது ஏன் என்பதும் இங்கேயே புரிந்துவிடும். ஐடிலில் கார்புரேட்டரின் வாய் 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் திறந்திருக்கிறது. அந்தச் சின்ன வாய்க்குப் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டையும் பெரிய வாய்தான். முழு வேகத்தில் கார்புரேட்டர் அகலத் திறந்ததும் அதே ஓட்டை கணக்கில் வராமல் போய்விடும். எனவே ஓட்டம் நன்றாக இருக்கும், த்ராட்டிலை விட்டதும் வீறிடும். டேங்க் பக்கத்து லீக்கோ இதற்குத் தலைகீழ்: ஐடில் அமைதி, ஓட்டத்தில் திணறல். ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் விட்ட பிறகு கத்தினால் எஞ்சினைப் பார், ஓடும்போது மூச்சுவாங்கினால் டேங்கைப் பார். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

டிரக்குகளுக்கென்று தனியாக ஒரு பலவீனம் இருக்கிறது. பந்தய பகிகளின் எஞ்சினைத் தரையில் வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி சக்கரத்தால் உரசிக் கிளப்பும். அவற்றின் பேக்பிளேட் வெறும் மூடி, துளையே கிடையாது. டிரக்குகளை வாங்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய விரும்பாதவர்கள். 1999-ல் அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் டி-மாக்ஸ் டிரக்கைக் கொண்டுவந்தபோது, கையில் பிடிக்கும் ஸ்டார்ட்டரைச் சொருகி பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும் வசதி அதன் பெரிய கவர்ச்சி. வேறு பல டிரக்குகளில் கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். மோட்டாரோ கயிறோ, இரண்டுக்கும் பேக்பிளேட்டின் நடுவே ஒரு ஷாப்ட் நுழைய வேண்டும். மூடியில் துளை போட்டாயிற்று. அந்தத் துளையில் காற்றைத் தடுப்பது ஷாப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே உள்ள நெருக்கமும் எண்ணெய்ப் படலமும்தான். ஆயிரம் முறை கிளப்பிய பிறகு அந்த நெருக்கம் எங்கே இருக்கும்? நீடிலை ஒன்றே கால் சுற்று திறக்க வைத்த என் ஓட்டையும் இங்கேதான் இருந்தது.

முன் பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழி சுமக்கவே பிறந்த பாகம் அது. ஃப்ளைவீலுக்குப் பின்னால் கொஞ்சம் எண்ணெய் தெரிந்தாலே "பேரிங் போச்சு" என்பார்கள். இந்த எஞ்சின்களில் முன்பக்கத்தை அடைப்பது ஷாப்டுக்கும் கேஸுக்கும் இடையிலான குறுகலான இடைவெளியும் அதில் நிற்கும் எண்ணெயும்தான். பேரிங்கின் ரப்பர் ஷீல்ட் முக்கியமாகத் தூசிக்காக. லேசான ஈரம் இயல்பு. க்ளட்ச் பெல் வழுக்கும் அளவுக்கு எண்ணெய் வீசினால்தான் வழக்கு. பேரிங் மாற்ற எஞ்சினை முழுக்கப் பிரித்து, கேஸை அடுப்பில் சூடாக்கித் தட்ட வேண்டும். அவ்வளவு வேலையைச் செய்துவிட்டு, கார்புரேட்டர் கழுத்து ஓ-ரிங்கை மாற்றாமல் விட்டவர்கள் பட்டியல் நீளமானது.

சரி, லீக் என்று சந்தேகப்படுவதற்கு முன் லீக்கைப்போல் வேஷம் போடும் சிலவற்றை வரிசையில் நிறுத்தி அனுப்பிவிட வேண்டும். முதலாவது, த்ராட்டில் லிங்கேஜ். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: சர்வோ திரும்பியதும் கார்புரேட்டரின் வாய் ஐடில் இடைவெளிவரை மூடுகிறதா? ஸ்பிரிங் வலுவிழந்து, அல்லது மண் சிக்கி, அரைத் திறப்பில் நின்றாலும் எஞ்சின் இதே மாதிரிதான் கத்தும். இரண்டாவது, பழைய குளோ பிளக். மூன்றாவது, வானிலை. குளிர்ந்த காலையில் காற்று அடர்த்தி. நேற்று மதியம் சரியாக இருந்த நீடில் இன்று காலை லீன். இது கோளாறல்ல, இயற்கை. நான்காவது, தேய்ந்த எஞ்சின். இவற்றில் பலவும் ஏபிசி என்ற அமைப்பு: அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், உள்ளே குரோமியப் பூச்சு. ஸ்லீவ் மேலே சற்றே குறுகும். புதிதில் பிஸ்டன் உச்சியில் வந்து இறுகும். கையால் சுழற்றினால் நன்றாகத் தெரியும். அந்த இறுக்கம் போய்விட்ட எஞ்சின் சூடானதும் ஐடிலில் நிற்காது. அதற்கு ஓட்டையைத் தேடிப் பயனில்லை. புது பிஸ்டனும் ஸ்லீவும் வாங்கும் காசைத் தேடலாம்.

டியூபில் ஓடும் குமிழிகளும் இந்தப் பட்டியலில் சேரும். தெளிவான டியூபில் குமிழி தெரிந்தாலே லீக் என்று பலர் தீர்ப்பெழுதுகிறார்கள். டேங்க் சேஸிஸில் இறுக்கமாக மாட்டியிருந்தால் எஞ்சினின் அதிர்வே எரிபொருளை நுரைக்க வைக்கும். அதற்காகத்தான் டேங்கின் காதுகளில் ரப்பர் புஷ் போடுகிறார்கள். டியூப் எஞ்சின் தலையைத் தொட்டுக்கொண்டு போனால் மெத்தனால் ஆவியாகிக் குமிழி விடும். அது 65 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம். தொடர்ந்து ஒரே சீராகக் குமிழி வந்து, டியூபையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகும் வந்தால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

இனிச் சோதனைகள். கார் மெக்கானிக்குகள் ஓடும் எஞ்சினின் இணைப்புகளைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, ஓட்டம் மாறுகிறதா என்று கேட்பார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளங்கை அளவு இடத்தில் கொதிக்கும் ஹெட்டர் குழாய், பக்கத்திலேயே பிளாஸ்டிக் டேங்க், அதில் மெத்தனால். மெத்தனாலின் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறது என்று தெரிவதற்குள் டிரக்கின் பாடி உருகத் தொடங்கியிருக்கும்.

டியூபைக் கிள்ளும் சோதனை பாதுகாப்பானது. சூடேறிய எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டருக்கு அருகே டியூபை விரலால் அழுத்திப் பிடித்தால், இரண்டு மூன்று நொடியில் வேகம் கொஞ்சம் ஏறி அணைய வேண்டும். உடனே அணைந்தால் லீன். ஐந்தாறு நொடி இழுத்தால் ரிச். இது ஐடில் கலவைக்கான லோ நீடிலை வைப்பதற்கான சோதனை, லீக்கைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஐந்து முறை கிள்ளினால் ஐந்து விதமான விடை வந்தால் நீடிலை விட்டுவிட்டு ஓட்டையைத் தேடப் போகலாம். நீடிலின் தவறு தினமும் ஒரே தவறு. ஓட்டையின் தவறு நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

தலையின் வெப்பத்தை அளக்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் இன்று எல்லார் பையிலும் இருக்கிறது. குளோ பிளக்கைக் குறிபார்த்து 95 முதல் 130 டிகிரி வரை வந்தால் பொதுவாக நல்லது என்பார்கள். காட்டும் எண் உண்மைதான். ஆனால் ஐடிலில் ஏர் இழுக்கும் எஞ்சினைச் சமாளிக்க நீடிலைத் திறந்து திறந்து ஓட்டத்தில் ரிச்சாக்கி வைத்திருப்பீர்கள். அப்போது வெப்பமும் அழகான எண்ணைத்தான் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்ற தெம்பில் ஓட்டியவர்கள்தான் நிறைய எஞ்சின்களைக் கொன்றிருக்கிறார்கள்.

எல்லாம் சொன்ன பிறகு நான் நம்புவது பஞ்சர் கடைக்காரரின் தண்ணீர்த் தொட்டியை மட்டும்தான். எஞ்சினைச் சேஸிஸிலிருந்து இறக்கி, வெளியே பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, எக்ஸாஸ்ட் துளையை ரப்பர் துண்டு வைத்து அமுக்கி, கார்புரேட்டரின் காற்று வாயையும் அடைத்து, எரிபொருள் நிப்பிளில் டியூப் மாட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டும். டியூபில் வாய் வைத்து ஊதாதீர்கள். கள்ளச்சாராயச் சாவுகளில் பேர் அடிபடும் அதே மெத்தனால்தான் அந்த டியூபுக்குள் ஊறியிருக்கிறது. பெரிய சிரிஞ்ச் ஒன்று போதும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டுவது இன்னொரு முட்டாள்தனம்: அவ்வளவு அழுத்தத்தில் நல்ல ஓ-ரிங்கும் கசியும், நீங்கள் நல்லதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

முழு வேகக் கலவைக்கான ஹை நீடிலை நன்றாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளேயே போகாது. ஃப்ளைவீலை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே சிரிஞ்சை அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் "ஒன்றும் வரவில்லை, எஞ்சின் சுத்தம்" என்று எழுந்துவிடுகிறார்கள். கலவை கிராங்க் ஷாப்டில் உள்ள ஒரு ஜன்னல் வழியாகத்தான் கேஸுக்குள் நுழைகிறது. ஜன்னல் மூடிய நிலையில் நீங்கள் சோதிப்பது கார்புரேட்டரை மட்டும். ஜன்னல் திறக்கும் இடம் வந்ததும் சிரிஞ்சில் எதிர்ப்புத் தளர்வது விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்திப் பாருங்கள்.

என் எஞ்சினில் முதலில் வந்தவை ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகள். அவற்றை விரலால் தட்டி விட்டேன். பிறகு முன் பேரிங்கிலிருந்து ஒன்று, நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. அது மன்னிக்கத் தகுந்தது. கார்புரேட்டர் கழுத்தில் எதுவும் இல்லை. சிரிஞ்சை மறுபடி அழுத்தியபோது பேக்பிளேட்டின் நடுவே, ஸ்டார்ட்டர் ஷாப்டைச் சுற்றி, கடுகு அளவில் ஒரு சரம் புறப்பட்டது. சரம் என்றால் சரம்தான். எண்ண முடியாத அளவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக. ஷாப்டைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் சாய்த்தால் நின்றது, விட்டால் வந்தது. மூன்று வாரம் நான் நீடிலில் தேடியது இங்கே சிரித்துக்கொண்டிருந்தது.

டேங்கையும் தனியாக இதே தொட்டியில் போடலாம். எரிபொருள் டியூபைக் கிளிப் போட்டு அடைத்து, அழுத்த டியூபில் சிரிஞ்சை மாட்டினால் ஆயிற்று. மூடி, தையல், நிப்பிள்களின் அடி மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம். டேங்கைத் தண்ணீரில் வைத்தே திருகிப் பார்க்கவும். சில விரிசல்கள் வளைத்தால்தான் வாய் திறக்கும்.

தண்ணீரிலிருந்து எடுத்த எஞ்சினை அப்படியே வைத்துவிட்டால் பேரிங் இரண்டு நாளில் துருப்பிடிக்கும். மெத்தனால் ஏற்கனவே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது, பேரிங்குகளுக்கு அதுவே போதாத காலம். எஞ்சினை உதறி, சூடாக்கி உலர்த்தி, ஆஃப்டர்-ரன் எண்ணெயைக் கார்புரேட்டர் வழியாகவும் குளோ பிளக் துளை வழியாகவும் விட்டுச் சுழற்ற வேண்டும். இந்த வேலைக்கு அஞ்சித் தண்ணீருக்குப் பதிலாக ஸ்பிரிட்டில் அமிழ்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான், அறைக்குள் அடுப்பு எரியாத வரை.

ஓட்டை தெரிந்த பிறகு அடைப்பதில்தான் கட்சிச் சண்டை. புது எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே பிரித்துப் பேக்பிளேட், கார்புரேட்டர் கழுத்து எல்லாவற்றுக்கும் உயர்வெப்ப சிலிகான் பூசிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே என்பது எதிர்க்கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். பேக்பிளேட்டின் ஸ்க்ரூக்கள் அலுமினியத்தில் இறங்குபவை. தேவையில்லாமல் கழற்றி மாட்டினால் மரை போகும். அதிகம் பூசிய சிலிகான் உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து, துண்டாகி, கிராங்க் கேஸுக்குள் விழும். கிராங்கின் வேகத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கார்புரேட்டர் கழுத்து விஷயத்தில் முதல் கட்சிக்கு ஓட்டுப் போடுவேன். கழற்றுவது எளிது, உள்ளே பிதுங்கும் வாய்ப்பு குறைவு, கறை விடாமல் ஏமாற்றும் இடமும் அதுதான். எண்ணெய்ப் பசை முழுவதும் போகத் துடைத்து, தீக்குச்சி நுனியால் மெல்லிய வளையம் பூசி, ஒரு முழு நாள் காய விட வேண்டும். குளியலறை ஓரங்களுக்குப் பூசும், வினிகர் வாசம் அடிக்கும் சிலிகானை எடுக்காதீர்கள். அதன் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

ஸ்டார்ட்டர் ஷாப்டுக்கு இந்தச் சிலிகான் பயன்படாது. சுழலும் பாகத்தைப் பசை போட்டு நிறுத்த முடியுமா? பேக்பிளேட்டை ஷாப்டோடு சேர்த்து மாற்றத்தான் வேண்டும். துளையில்லாத பேக்பிளேட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மாறிவிடுகிறவர்களும் உண்டு. நான் புது பேக்பிளேட் வாங்கினேன், நான்கு ஸ்க்ரூக்களையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன், மறுபடி தொட்டியில் போட்டேன். சரம் இல்லை.

கிளப்பியபோது எஞ்சின் முன்பைவிட மோசமாக ஓடியது. வெள்ளைப் புகை, களகளவென்று ஒரு சத்தம், இரண்டாவது திருப்பத்தில் நின்றே போயிற்று. எதையோ கெடுத்துவிட்டோம் என்று வயிறு கலங்கியது. பிறகுதான் உறைத்தது: ஓட்டை இருந்த காலத்துக்கு ஈடாக நான் திறந்து வைத்த நீடில் இன்னும் அங்கேயே இருந்தது. ஓட்டை அடைபட்டதும் அத்தனையும் உபரி. இந்த இடத்தில்தான் பலர் புது பாகத்தைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடுகிறார்கள். ஹை நீடிலைக் கையேட்டில் சொன்ன தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தேன். மூன்று ஞாயிறுகளில் திறந்த ஒன்றே கால் சுற்றில் ஒரு சுற்றுக்கு மேல் திரும்ப உள்ளே போயிற்று. த்ராட்டிலை விட்டேன், சத்தம் விரலோடு சேர்ந்து இறங்கியது.